வலியும் நோவும்: பாரந்தூக்கும் வீரர்க்கு இயன்மருத்துவம் காட்டும் நெறி

தமிழில் 'வலி' என்னும் சொல் இருபொருள் உடையது. பண்டை நூல்களில் அது பெரும்பாலும் வலிமையையே குறித்தது. திருக்குறளில் 'வலியறிதல்' என ஓரதிகாரம் வகுக்கப்பட்டமை கற்றார் யாவரும் அறிந்ததே. பிற்கால வழக்கில் அச்சொல் உடலில் உண்டாகும் வருத்தத்தையும் சுட்டுவதாயிற்று. ஈழத்து வழக்கில் இவ்விரண்டாம் பொருளுக்கு 'நோ', 'நோவு' என்னும் தனிச்சொற்கள் வழங்குதலின் மயக்கத்துக்கு இடமில்லை. ஆயினும், வலிமையைப் பெருக்குவதையே நோக்கமாகக் கொண்டு பாரந்தூக்கும் வீரரின் வாழ்க்கையில் இவ்விரு பொருளும் ஓருடலில் வந்து கூடுகின்றன. வலியை வளர்க்கப் புகுந்தோர் நோவை ஒருகாலும் சந்தியாதிருத்தல் அரிது.

அந்நோவு வந்துற்றபோது யாது செய்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு நெடுங்காலமாக இருவகை விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. 'பாரத்தைக் கைவிட்டு ஓய்ந்திரு' என்பது ஒன்று. 'பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கு' என்பது மற்றொன்று. முதலாவது விடையை ஏற்ற வீரர் பல ஆண்டு உழைப்பாற் பெற்ற ஆற்றலைச் சில மாதங்களில் இழக்கின்றார். இரண்டாவதை ஏற்றவர் சிறு நோவைப் பெருநோவாக வளர்த்துக்கொள்கின்றார். பிசியோதெரபி எனப் பலரும் அறிந்த இயன்மருத்துவம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது விடையொன்றைத் தருகின்றது. பாரத்தை நீக்காது அதனை அளந்து கொடுத்தலே அவ்விடையாகும். அதன் அடிப்படையையும் செய்முறையையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

பாரமும் உடலும்

ஒலிம்பிக் விளையாட்டிற் பளுதூக்கல் இன்று ஸ்னாச் எனவும், கிளீன் அண்ட் ஜேர்க் எனவும் இருவகைப்படும். நிலத்திலுள்ள பாரத்தை ஒரே வீச்சில் தலைக்கு மேல் உயர்த்துவது முன்னது. முதலிற் தோளுக்குக் கொணர்ந்து, பின்னர்த் தலைக்கு மேல் உந்துவது பின்னது. பிரெஸ் எனப்பட்ட மூன்றாம் வகையொன்றும் முன்னர் இருந்தது. தோளிலிருந்து கைகளின் வலியாற் பாரத்தைத் தள்ளவேண்டிய அத்தூக்கலில் வீரர் தம் முதுகைப் பின்னோக்கி வளைக்கத் தலைப்பட்டனர். நடுவர் தீர்ப்புக் கூறுதல் கடினமாயிற்று. இடுப்புக்கு ஊறு நேரும் என்ற அச்சமும் எழுந்தது. ஆதலின் 1972ஆம் ஆண்டு மியூனிச் ஒலிம்பிக் போட்டியின் பின் அது நீக்கப்பட்டது. பவர்லிஃப்டிங் என்னும் மற்றொரு விளையாட்டில் மூன்று தூக்கல்கள் உள. பாரத்தைத் தோளிற் தாங்கிக் குந்தியெழுதல் ஸ்குவாட். மல்லாந்து படுத்து மார்பிலிருந்து மேலே தள்ளுதல் பெஞ்ச் பிரெஸ். நிலத்திலிருந்து எடுத்து நிமிர்ந்து நிற்றல் டெட்லிஃப்ட்.

இவ்வீரர் தூக்கும் பாரத்தின் அளவை உணர ஓரெடுத்துக்காட்டுப் போதும். 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் போட்டியிலே 60 கிலோகிராம் பிரிவிற் பங்குபற்றிய துருக்கி வீரர் நயிம் சுலைமானொக்லு 190 கிலோகிராமைத் தலைக்கு மேல் உயர்த்தினார். அது அவருடைய உடல் நிறையின் மும்மடங்கினும் மிகுதி.

இத்துணைப் பாரம் தூக்குவோர் அடிக்கடி காயமுறுவர் என எண்ணுதல் இயல்பே. ஆனால், பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2017இல் வெளியிடப்பட்ட மதிப்பீடொன்று வேறு செய்தியைக் கூறுகின்றது. ஆயிரம் மணிநேரப் பயிற்சிக்குப் பளுதூக்கலில் ஏறக்குறைய 2.4 முதல் 3.3 வரையும், பவர்லிஃப்டிங்கில் 1.0 முதல் 4.4 வரையுமே காயங்கள் நேர்கின்றன. ஓடியும் மோதியும் ஆடும் பல விளையாட்டுக்களோடு ஒப்பிட இது பெரிய தொகையன்று. தோள், இடுப்பு, முழங்கால் என்னும் மூன்றிடங்களிலேயே இவை பெரும்பாலும் தோன்றுகின்றன. இவற்றுட் பல திடீரென நேரும் விபத்துக்களல்ல. நாளடைவிற் சிறுகச் சிறுக முதிர்வன. எனவே, இவ்வீரரின் முதன்மையான இடர் முறிவு அன்று. நீங்காது நிற்கும் நோவே ஆகும்.

இந்நோவு நீடித்தற்கு ஒரு காரணம் உடலின் உறுப்புக்கள் யாவும் ஒரே வேகத்தில் வலிமை பெறாமையாம். தசைகள் சில வாரங்களிலே ஆற்றல் மிகுகின்றன. தசையை என்போடு பிணைக்கும் நாண்களோ இசைவுறுதற்கு மாதங்கள் வேண்டுவன. 2013இல் டென்மார்க் நாட்டு ஆய்வாளர் இதுபற்றி வியத்தகு முறையில் ஒரு செய்தியைக் கண்டறிந்தனர். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நிகழ்ந்த அணுக்குண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்திற் கதிரியக்கக் காபன் மிகுந்தது. அது உணவின் வழி மனித உடலிலும் சேர்ந்தது. குதிநாணில் அக்காபனின் அளவை ஆராய்ந்தபோது, நாணின் உட்பகுதி ஏறக்குறைய 17 வயதளவில் உருவாகி முடிவதும், அதன்பின் மிகச் சிறிதும் புதுப்பிக்கப்படாமையும் புலனாயின. தசை விரைய, நாண் பின்தங்குகின்றது. பாரத்தை விரைந்து கூட்டும் வீரர் தம் தசையின் ஆற்றலைக்கொண்டே நாணின் பொறுமையையும் அளந்துவிடுகின்றார். பிழை அங்கேயே தொடங்குகின்றது.

நோவு என்பது யாது?

நோவைத் தணிக்கப் புகுமுன் அதன் இயல்பை அறிதல் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டிற் பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட், காலிலே தீப்பட்டால் நரம்பென்னும் கயிறு இழுபட்டு மூளையில் மணி ஒலிக்கின்றது என்னும் கருத்துப்பட விளக்கினார். இழுப்பு எவ்வளவோ ஒலியும் அவ்வளவே. அதாவது ஊறு எவ்வளவோ நோவும் அவ்வளவே. எளிமையான இக்கொள்கை நெடுங்காலம் நிலவியது. ஆனால், அனுபவம் அதனை ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போரிற் கடுங்காயமுற்ற படைவீரரை ஆராய்ந்த அமெரிக்க வைத்தியர் ஹென்றி பீச்சர், அவர்களுள் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கினர் நோவு தணிக்கும் மருந்தை வேண்டவில்லை என 1946இல் எழுதினார். போர்க்களத்தினின்றும் உயிர்தப்பினோம் என்னும் எண்ணம் நோவின் கடுமையை மாற்றியது என்பது அவர் கருத்து.

1965இல் ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்னும் இருவர் 'வாயிற் கோட்பாடு' ஒன்றை வெளியிட்டனர். ஊறு பற்றிய செய்தி முண்ணாணை அடையும்போது அங்கே ஒரு வாயில்போன்ற அமைப்பு அதனைத் தடுக்கவோ விடுக்கவோ செய்கின்றது. தொடுகை, அழுத்தம் ஆகிய உணர்வுகள் அவ்வாயிலை ஒடுக்குகின்றன. மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளும் அதனைத் திறக்கவும் மூடவும் வல்லன. கல்லில் இடறிய காலை நாம் உடனே கையாற் தேய்த்துக்கொள்வதன் காரணம் இதனாற் தெளிவாகும். இக்கோட்பாட்டின் நுண்பகுதிகள் பின்னர்த் திருத்தப்பட்டனவாயினும், நோவு உடலின் எச்சரிக்கையேயன்றி ஊற்றின் அளவுகோல் அன்று என்னும் அடிப்படை நிலைபெற்றுவிட்டது.

பாரந்தூக்குவோர்க்கு இவ்வுண்மை பெரிதும் வேண்டப்படுவது. இடுப்பு நோவோடு செல்லும் வீரரின் முதுகைக் காந்தப் படக்கருவியாற் படம் பிடித்தால், முள்ளந்தண்டென்புகளின் இடைத்தட்டுத் தேய்ந்தோ புடைத்தோ இருத்தல் காணப்படலாம். அதனைக் கேட்டமாத்திரத்திலே தம் விளையாட்டு வாழ்வு முடிந்ததென அவர் கலங்குவர். ஆனால், முதுகு நோவே இல்லாத 3,110 பேரின் படங்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த கட்டுரை, 20 வயதினருள் 37 விழுக்காட்டினர்க்கும் 80 வயதினருள் 96 விழுக்காட்டினர்க்கும் தட்டுத் தேய்வு உண்டு எனக் காட்டியது. தலைமயிர் நரைத்தல்போல இதுவும் பெரும்பாலும் வயதின் குறியே. நோவுக்குக் காரணம் இதுவேயெனப் படத்தை மட்டும் பார்த்துத் துணிதல் தகாது. 'உன் முதுகு உடைந்துவிட்டது' என்னும் ஒரு சொல்லே வீரரின் அச்சத்தை வளர்த்து, அசைவைக் குறைத்து, நோவையும் நீட்டிக்கும். ஆதலின் நல்ல இயன்மருத்துவர் தம் கைகளைப் போலவே தம் சொற்களையும் எண்ணி ஆள்வர்.

பயிற்சிக்குப் பின் 24 முதல் 72 மணிநேரம் வரை தோன்றும் தசைநோவு வேறொன்று. பழகாத வேலையால் தசையிழைகளிலே நேரும் நுண்சிதைவே அதற்குக் காரணமாகலாம் என 1902இல் தியோடர் ஹவ் உரைத்தார். இலற்றிக் அமிலம் தேங்குதலால் அது தோன்றும் எனப் பலர் இன்றும் நம்புவது சரியன்று. அவ்வமிலம் பயிற்சி முடிந்து சிறிது நேரத்திலேயே அகன்றுவிடும். இந்நோவு தானே தணிவது. இதற்கு மருத்துவம் வேண்டியதில்லை.

பாரம் மருந்தான வரலாறு

உடலசைவை மருத்துவமாக ஆளும் முயற்சி புதியதன்று. சுவீடன் நாட்டுப் பேர் ஹென்றிக் லிங் 1813இல் ஸ்டொக்ஹோம் நகரிற் தேகப்பயிற்சி நிலையமொன்றை நிறுவினார். 1894இல் இங்கிலாந்தில் நான்கு தாதியர் கூடி, பிடித்துவிடும் கலையில் தேர்ந்தோர்க்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். பிரித்தானிய இயன்மருத்துவர் சங்கம் அதினின்றும் வளர்ந்ததே. ஆயின், கடும்பாரத்தை நோயாளியின் காலிற் கட்டத் துணிந்தவர் எவருமிலர்.

அத்துணிவு தோமஸ் டீலோர்ம் என்னும் அமெரிக்க வைத்தியருக்கு வாய்த்தது. இளமையில் வாதக்காய்ச்சலாற் படுக்கையிற் கிடந்த அவர், பாரந்தூக்கியே தம் உடலைத் தேற்றிக்கொண்டவர். 1944இல் சிக்காகோ நகரின் படையினர் வைத்தியசாலையிற் பணியாற்றியபோது, முழங்காற் காயமுற்ற வீரர் பல மாதம் இலேசான பயிற்சி செய்தும் தொடைத்தசை மெலிந்தே கிடத்தலைக் கண்டார். இரும்புச் சப்பாத்தொன்றைக் காலிற் பூட்டி, அதிற் பாரத்தை ஏற்றி, முழங்காலை நீட்டச் செய்தார். தசை விரைவாகத் தேறியது; நோவும் குறைந்தது. 1945இல் அவர் தம் முறையை வெளியிட்டார். பின்னர் அது செப்பமுற்று எளிய வடிவம் பெற்றது. பத்துத் தடவை மட்டும் தூக்கக்கூடிய பாரம் எதுவென முதலில் அறிதல் வேண்டும். அதன் அரைப்பங்கினாற் பத்துத் தடவை, முக்காற்பங்கினாற் பத்துத் தடவை, முழுப்பாரத்தாற் பத்துத் தடவை என மூன்று சுற்றுச் செய்தல் வேண்டும். ஆற்றல் வளர வளரப் பாரமும் வளரும். வீரரின் பயிற்சிக் கூடத்திற் பிறந்த அறிவு இவ்வாறு வைத்தியசாலைக்குட் புகுந்தது.

தணிக்கும் முறைகளும் தேற்றும் முறைகளும்

இன்று கையாளப்படும் முறைகளை இருவகையாகப் பிரிக்கலாம். நோவைச் சிறிதுநேரம் தணிப்பன ஒருவகை. உறுப்பைப் பாரத்துக்கு ஏற்றதாகத் தேற்றுவன மற்றொருவகை. இவ்வேறுபாட்டை மறத்தலே பல ஏமாற்றங்களுக்குக் காரணம்.

பிடித்துவிடுதல், ஒத்தடம், பனிக்கட்டி, ஒட்டுப்பட்டி, தோலின்மேல் மெல்லிய மின்னோட்டம் செலுத்துதல் ஆகியன முதல்வகையின. மின்னோட்டத்தால் நோவு தற்காலிகமாக நீங்குதலை வோல், சுவீட் என்னும் இருவர் 1967இற் காட்டினர். அது முன்கூறிய வாயிற் கோட்பாட்டினின்றும் பிறந்தது. பிடித்துவிடுதல் உள்ளே உறைந்த முடிச்சுக்களை உடைத்துவிடும் என்னும் நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. அது நரம்பை அமைதிப்படுத்தி, அசைவை எளிதாக்குகின்றது. அதுவும் சிறிதளவு நேரமே. அந்த நேரத்திற் பயிற்சியைச் செய்வித்தலே அறிவுடைமை. பனிக்கட்டி பற்றியும் கருத்து மாறியுள்ளது. ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தம், உயர்த்தல் என்னும் நான்கையும் 1978இல் ஒருங்கே பரப்பிய அமெரிக்க வைத்தியர் கேப் மேர்க்கின், பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதிக்கச் செய்யலாமெனப் பிற்காலத்தில் தாமே ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் குளிர்நீரில் அமிழ்ந்திருத்தல் தசையின் வளர்ச்சியையும் ஆற்றலையும் குறைக்கும் என்பது அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்து 2015இல் வெளியான 12 வார ஆய்வின் முடிபு. வலிமையே வேண்டுவோர் இதனைக் கருதுதல் நன்று.

இரண்டாம் வகையில் முதலாவது, அசையாது தாங்கல். முழங்கால் நாண் நோவுற்ற கைப்பந்தாட்ட வீரர் அறுவரைக்கொண்டு அவுஸ்திரேலிய ஆய்வாளர் 2015இல் வெளியிட்ட ஆய்விலே, முழு வலியின் 70 விழுக்காட்டை 45 வினாடி தாங்குதலை ஐந்து தடவை செய்தபோது நோவு 45 நிமிடம் வரை தணிந்தது. பிற ஆய்வுகளில் எல்லோர்க்கும் ஒரே பயன் கிட்டவில்லை. எனினும், அசைவே நோவைத் தரும் தொடக்க நாட்களில் இது ஏற்றதொரு வாயில்.

இரண்டாவது, இறக்குங்காற் தாங்கல். இதன் பிறப்பு சுவையானது. சுவீடன் நாட்டு அறுவை வைத்தியர் ஹொக்கன் அல்பிரட்சன் தமது குதிநாண் நோவுக்கு அறுவை மருத்துவத்தை விரும்பினார், மேலாளர் உடன்படவில்லை. நாண் முற்றாகப் பழுதுபடின் இணங்குவர் என எண்ணி, நோவைப் பொருட்படுத்தாது குதியைப் பாரத்தோடு மெல்ல இறக்கும் பயிற்சியைச் செய்தார். நாண் பழுதுபடவில்லை, நோவே நீங்கியது. பின்னர் 15 பேருக்கு அதனை முறைப்படி அளித்தார். ஒரு நாளில் 180 தடவையாக 12 வாரம் செய்தபின் அவர்கள் யாவரும் முன்போல் ஓடினர். அம்முடிபு 1998இல் வெளியானது.

மூன்றாவது, கடும்பாரத்தை மெல்லத் தூக்கி மெல்ல இறக்கல். 2009இல் டென்மார்க் ஆய்வொன்று முழங்கால் நாண் நோவுக்கு இம்முறையையும், இறக்கும் பயிற்சியையும், கோட்டிசோன் வகை ஊசிமருந்தையும் ஒப்பிட்டது. பன்னிரண்டாம் வாரத்தில் மூன்றும் பயனளித்தன. அரையாண்டின் பின்னரோ ஊசிபெற்றோர் மீண்டும் நலிந்தனர்; பாரந்தூக்கினோர் தேறியே நின்றனர். விரைந்து வந்த சுகம் விரைந்தே அகன்றது.

அளந்து கொடுத்தல்

இனி, இம்முறைகள் ஒரு வீரர்பால் எங்ஙனம் இயைகின்றன என்பதைக் காண்போம். 200 கிலோகிராம் டெட்லிஃப்ட் தூக்கும் ஒருவர்க்கு இடுப்பிலே நோவு எனக் கொள்வோம். நிலத்திலிருந்து 140 கிலோகிராம் எடுக்கையிலேயே நோவு மிகுகின்றது. இயன்மருத்துவர் தூக்கலை நிறுத்துவதில்லை. அதன் கூறுகளை மாற்றுகின்றார். பாரத்தை முழங்காலளவு உயரத்தில் மரக்கட்டைமேல் வைத்து 100 கிலோகிராமை எடுக்கச் செய்வர். மூன்று வினாடியில் உயர்த்தி நான்கு வினாடியில் இறக்கப் பணிப்பர். வாரத்தில் நான்கு நாட் செய்ததை இரண்டாக்குவர். நோவு இசைந்தால், கட்டையின் உயரத்தைக் குறைத்து மெல்ல மெல்ல நிலத்தை அணுகச் செய்வர். தோள்நோவு உடையார்க்குப் பெஞ்ச் பிரெஸ்ஸிற் கைகளை ஒடுக்கிப் பிடித்தலும், மார்புவரை இறக்காது சிறிது மேலே நிறுத்தலும், தோளைச் சுழற்றும் தசைகளை வலுப்படுத்தலும் இவ்வாறே. முழங்கால் நோவுடையார்க்குக் குந்தும் ஆழமும் வேகமும் மாற்றப்படும். மாற்றத்தக்கவை எடை, தூரம், வேகம், தடவை, இடைநாள் என்னும் ஐந்துமாம்.

எவ்வளவு நோவு பொறுக்கத்தக்கது? 0 முதல் 10 வரை ஓரளவுகோல் கொண்டு வீரரே தம் நோவை மதிப்பிடுவர். பயிற்சியின்போது 5 வரை செல்லுதல் பொதுவாக ஏற்கத்தக்கது. ஆனால், மறுநாட் காலையில் அது பழைய நிலைக்குத் திரும்பியிருத்தல் வேண்டும். வாரந்தோறும் ஏறிச்செல்லுதல் கூடாது. மறுநாட் காலையே சிறந்த நடுவர் எனலாம். பாரத்தையும் நோவையும் உறக்கத்தையும் நாடோறும் குறிப்பேட்டில் எழுதிவரும் வீரர் இத்தீர்ப்பை எளிதில் உணர்வர்.

இங்ஙனம் கூறுதலால் எல்லா நோவையும் பொறுத்துத் தூக்கலாம் எனக் கொள்ளற்க. இரு கால்களும் மரத்தல், மலசலம் அடக்க இயலாமை, தொடைகளின் இடைப்பகுதி உணர்விழத்தல் ஆகியன தோன்றின் ஒரு மணியும் தாழாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். 'பட்' என்னும் ஒலியோடு கையோ மார்போ வலியிழப்பின் நாண் அறுந்திருக்கலாம். இராக்காலத்திலும் தணியாத நோவு, காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் என்பனவும் வேறு நோயின் குறிகளாகலாம். வளரும் பருவத்து இளைஞர் முதுகைப் பின்வளைக்குந்தோறும் நோவுறின் முள்ளந்தண்டென்பின் வளைவிற் கீற்று முறிவு இருத்தல் கூடும். அதற்கு மாதக்கணக்கான ஓய்வே மருந்து. இவற்றைப் பிரித்தறிவதே இயன்மருத்துவரின் முதற்கடன். பயிற்சி அதன் பின்னரே.

போட்டிக்கு முன் நோவை மறைக்க மாத்திரை உண்ணும் வழக்கமும் கண்டிக்கத்தக்கது. எச்சரிக்கும் மணியின் நாவைக் கட்டிவிட்டால் தீ அணைந்துவிடாது. போட்டியில் இடமிழப்போம் என்னும் அச்சத்தாற் பயிற்றுநரிடம் நோவை ஒளிக்கும் வீரர், ஒரு போட்டியை வென்று ஓராண்டை இழத்தலும் உண்டு. நோவைச் சொல்லுதல் கோழைமையன்று என்னும் எண்ணத்தைப் பயிற்சிக் கூடங்களில் வளர்த்தல் பயிற்றுநரின் பொறுப்பாகும்.

வலியறிதல் என்பது எவ்வளவு தூக்கலாம் என அறிதல் மாத்திரமன்று. தசை விரைய நாண் தாழ்வதையும், எந்நோவு எச்சரிக்கை, எந்நோவு ஆபத்து என்பதையும், இன்று குறைத்த பாரம் நாளை கூடும் என்பதையும் அறிதலும் அதனுள் அடங்கும். பாரத்தால் வந்த நோவைப் பாரத்தாலேயே ஆற்றக்கூடும் என்பது கடந்த எண்பது ஆண்டுகளின் அனுபவம் காட்டிய உண்மை. அதற்கு வேண்டுவன அளவும் பொறுமையும் ஆகும். அவை தசையினும் மெல்லவே வளர்வன.